ஒருவரும் சாகாத புதிர்

புதிர் அவிழ்ந்த கணத்தில், அதுவரை மூச்சடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் வாயிலிருந்து வியப்போ மகிழ்ச்சியோ பிறவாமல், "இவ்வளவுதானா?" என்ற ஒரு சொல் மட்டும் சலிப்போடு வெளிப்படுவதைச் சில காலமாகக் கேட்டு வருகிறேன். அச்சொல் என்னை அமைதியாக இருக்க விடவில்லை. ஹட்டனிலும் அதைச் சூழ்ந்த தோட்டங்களிலும் ஜப்பானிய அனிமே தொடர்களில் ஈடுபாடு கொண்ட இளைஞர் கூட்டம் ஒன்று இன்று உண்டு. கொழும்பில் கடைகளில் வேலை செய்துவிட்டுத் தீபாவளிக்கு ஊர் திரும்பும் பையன்கள் போனில் ஏற்றிக்கொண்டு வருவதை, உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள், திரையின் அடியில் ஓடும் ஆங்கில வரிகளை வாசித்துத் தம்பி தங்கையருக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே பார்க்கிறார்கள். யுத்தமும் சபதமும் நிறைந்த தொடர்களே அவர்களுக்கு உவப்பானவை. அவற்றின் நடுவே, யாரும் யாரையும் கொல்லாத, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சின்னஞ்சிறு புதிர்களை அவிழ்ப்பதையே விஷயமாகக் கொண்ட 'ஹியோக்கா' என்னும் தொடர் வந்து சேர்ந்தபோதுதான் அந்தச் சலிப்பு முதன்முதலாக என் காதில் விழுந்தது. சொன்ன பிள்ளைகளை நான் குறைகூறவில்லை. என்னைவிட விரைவாக விடை கண்டுபிடிக்கிறவர்கள் அவர்கள். ஆனால் ஒரு கேள்வியைச் சிறியது என்று தள்ளுவதற்கு அவர்கள் எந்த அளவுகோலைக் கையில் வைத்திருக்கிறார்கள், அது அவர்கள் கைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று யோசிக்கத் தொடங்கினால், யோசனை தோட்டத்தின் எல்லையையும் தாண்டி வெகு தூரம் இழுத்துக்கொண்டு போகிறது.

கியோட்டோ அனிமேஷன் நிறுவனம் தயாரித்து, 2012 ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை 22 அத்தியாயங்களாக ஒளிபரப்பான அத்தொடர், யொனெசாவா ஹொனோபு 2001இல் வெளியிட்ட நாவலையும் அதன் பின்வந்த கதைகளையும் தழுவியது. கதை நிகழும் ஊர், ஜிஃபு மாகாணத்தின் தகயாமா நகரைப் பார்த்து வரையப்பட்டது. மலைகள் சூழ்ந்த ஊர், மழையும் ஈரமும் பழகிய ஊர், ஆகையால் நம்மவர்க்கு அதன் ஜன்னல் வெளிச்சம் அந்நியமாகத் தோன்றுவதில்லை. அவசியமில்லாத காரியத்தைச் செய்யாதிருப்பதையே கொள்கையாகக் கொண்ட ஒரேகி என்னும் மாணவன், காசிக்குப் பிரயாணம் போயிருக்கும் தன் தமக்கை அங்கிருந்து எழுதிய கடிதத்தின் காரணமாகப் பள்ளியின் இலக்கியச் சங்கத்தில் சேர்கிறான். அங்கே, எதைக் கண்டாலும் அறிந்தே தீரவேண்டும் என்று கண்கள் விரிய நிற்கும் சிதண்டா என்ற பெண்ணின் ஆவலுக்கு ஈடுகொடுக்க முடியாமல் புதிர்களை அவிழ்க்கிறான். நூலகத்தில் ஒரே கனத்த புத்தகத்தை வெள்ளிக்கிழமைதோறும் வெவ்வேறு பெண்கள் மதியத்தில் இரவல் எடுத்து மாலைக்குள் திருப்பிவிடுகிறார்கள், ஏன்? சிதண்டா அந்தப் புத்தகத்தை முகர்ந்து பார்க்கிறாள். வர்ணத்தைக் கரைக்கும் தைலத்தின் நெடி இலேசாக வீசுகிறது. சித்திர வகுப்பில் ஓவியத்துக்காகக் கையில் ஏந்தி நிற்பதற்கே அப்புத்தகம் எடுக்கப்பட்டது என்று தெரிகிறது. முடிந்தது. திருட்டு இல்லை, வஞ்சகம் இல்லை, பழைய பகை இல்லை. இருபது நிமிஷ நேரம் ஒரு நெடியைப் பின்தொடர்ந்து போய் ஒரு சித்திரத்தின் முன்னால் நின்றதுதான் நாம் அடைந்த லாபம். அந்த இடத்தில்தான் நம் பிள்ளைகள் "இவ்வளவுதானா?" என்றார்கள்.

இந்த அபிப்பிராயம் எழும் என்பதைத் தொடரை ஆக்கியவர்கள் அறியாமல் இல்லை. அறிந்ததோடு நில்லாமல் அதையே ஒரு கதையாகவும் செய்துவைத்திருக்கிறார்கள் என்பதுதான் என்னை மிகவும் ஆகர்ஷித்தது. பள்ளி விழாவுக்காக ஒரு வகுப்பார் மர்மப்படம் ஒன்று எடுக்கிறார்கள். கதை எழுதும் பொறுப்பை ஏற்ற ஹொங்கோ என்ற பெண் முடிவை எழுதுமுன் விலகிவிடுகிறாள். கைவிடப்பட்ட நாடக அரங்கினுள்ளே பூட்டிய அறையில் ஒரு மாணவன் இரத்தத்தில் கிடக்கிறான். செய்தவன் யார் என்று கண்டுபிடித்துப் படத்தை முடித்துக்கொடுக்கும்படி ஒரேகியை வேண்டுகிறார்கள். அவனும் புத்தி சாதுரியத்தால் ஒரு முடிவைச் சமைத்துக் கொடுக்கிறான், படம் வெற்றி பெறுகிறது, பார்த்தவர்கள் கைதட்டுகிறார்கள். அவனுடைய நண்பர்களோ, ஒருவர் பின் ஒருவராக வந்து, இது அந்தப் பெண் எழுதியிருக்கக்கூடிய முடிவல்ல என்று தயக்கத்தோடு சொல்கிறார்கள். உண்மை பின்னர் தெளிவாகிறது. மென்மையான சுபாவமுடைய அந்தப் பெண் தன் கதையில் எவரையும் கொல்லவில்லை. ஒருவன் காயமுறுவதாக மட்டுமே எழுதினாள். ஆனால் படமெடுத்த தோழர்கள் உற்சாக மிகுதியில் தாராளமாக இரத்தத்தைக் கொட்டிப் பிணத்தையே படைத்துவிட்டார்கள். மர்மப்படம் என்றால் ஒரு சாவாவது வேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம். அவர்களை மறுத்துச் சொல்லும் தைரியம் அந்தப் பெண்ணுக்கு இல்லை. நான் இந்த அத்தியாயங்களைப் பார்த்த பிறகு, அவள் எழுதாமல் விட்ட அந்த முடிவைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கேள்வியில் எவரும் சாகாவிட்டால், எவரும் எதையும் இழக்காவிட்டால், அது கேள்வியே அல்ல என்ற தீர்மானத்துக்கு ஒரு வகுப்பு முழுதும் வந்து சேர்ந்த பின்பு, இல்லை என்று சொல்ல நினைப்பவள் காய்ச்சலென்று படுத்துக்கொள்வதைத் தவிர வேறென்ன செய்வாள்?

நம்முடைய பெருங்கதைகளும் அந்த வகுப்பாரின் பக்கமே நிற்கின்றன என்று ஒருவர் வாதிக்கக்கூடும். அந்த வாதத்தை என்னால் இலகுவில் ஒதுக்க முடியவில்லை. பாரதத்தில் யட்சன் காக்கும் பொய்கைக் கரையில், கேள்விக்கு விடை கூறாமல் நீர் அருந்திய நான்கு சகோதரர்களும் உயிரற்று விழுந்துகிடக்க, தருமபுத்திரன் ஒவ்வொரு வினாவுக்கும் நிதானமாக விடை கூறி அவர்களை மீட்கிறான். விக்கிரமாதித்தன் தோளில் தொங்கும் வேதாளம், விடை தெரிந்தும் வாய் திறவாவிட்டால் தலை வெடித்துவிடும் என்று எச்சரித்தே கதையை ஆரம்பிக்கிறது. 1947 ஜூலையில் தோன்றிய 'அம்புலிமாமா'வின் வழியாக அந்த வேதாளம் இந்த மலைகளுக்கும் ஏறி வந்தது. முருங்கை மரமும், தோளில் பிணமும், உருவிய வாளுமாக ஓவியர் சங்கர் வரைந்த அந்தச் சித்திரம், இங்கே படித்து வளர்ந்த ஒரு தலைமுறையின் கண்ணில் இன்னும் நிற்கிறது. கேள்வி என்றால் அதன் பின்னால் ஒரு சாவு நிற்கவேண்டும் என்ற பழக்கம் நமக்குப் புதிதன்று. எனினும் வேதாளக் கதையில் நான் மறக்க முடியாத இடம் வேறு. கடைசிக் கேள்விக்கு அரசனுக்கு விடை தெரியவில்லை. தெரியாததனால் பேசாமல் நடக்கிறான். பேசாததனால்தான் வேதாளம் அவனுக்கு வசமாகிறது. விடை சொன்ன போதெல்லாம் கைநழுவிப் போனது, விடையறியாமல் நின்றபோது கைகூடியது. அறியாமைக்கு இவ்வளவு கௌரவம் கொடுத்த கதையை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, தலை வெடிக்கும் பகுதியை மட்டும் உரக்கச் சொல்லிவிட்டு இதை விரைந்து கடந்துவிடுகிறோம்.

பெருங்கதைகளைக் காட்டிலும் கொடிய ஒரு பயிற்சி இந்த மலையகத்து ஜனங்களுக்குக் கிடைத்தது. உன் தகப்பன் எங்கே பிறந்தான், அவன் இலங்கையில் பிறக்கவில்லையானால் உன் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களா, அதற்கு அத்தாட்சி எங்கே என்று, பதிவுச் சீட்டு எதுவுமே கைவசமில்லாத லட்சக்கணக்கானவர்களைப் பார்த்து 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் கேட்டது. கப்பலை விட்டிறங்கிக் காட்டுவழியே நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், பாட்டன் பெயரையே பேரட்டில் எழுதப்பட்டிருந்த விதமாக மட்டும் அறிந்தவர்கள், பூட்டன் பிறந்த இடத்துக்கு எந்தக் காகிதத்தைக் காட்டுவார்கள்? அதற்கு முந்தைய ஆண்டுதான் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் ஏழு பேரை அவர்கள் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தார்கள். தோட்டத்து மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை அந்த எழுவரில் ஒருவர். வாக்குச்சீட்டைக் கையிலேந்தி நின்றவர்கள் ஒரு கேள்விக்கு விடை சொல்ல முடியாததனால் நாடற்றவர்களானார்கள். 1964 ஒக்டோபர் 30இல் செய்துகொள்ளப்பட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரின் கணக்கை எடுத்துக்கொண்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்தது. இது கழித்தல் கணக்கு. ஆனால் அதை எதிர்கொண்டவர்களுக்கு அது அவிழ்க்கவே இயலாத புதிர். கேட்கிறவனிடம் விடையும் தண்டனையும் முன்கூட்டியே தயாராக இருக்கும் கேள்வியின் முன்னே விளையாட்டு என்பது சாத்தியமா? அத்தகைய கேள்விகளைத் தலைமுறை தலைமுறையாகச் சந்தித்த ஒரு சமூகம், நூலகப் புத்தகத்தில் வீசிய நெடி எதனால் என்று கேட்கும் கேள்வியைப் பார்த்து "இவ்வளவுதானா?" என்று சொல்வதில் வியப்பென்ன?

இந்த இடத்தில் நின்றுவிடலாம் என்றால் மனம் ஒப்பவில்லை. அந்தப் பிள்ளைகள் 1948ஐ நினைத்துச் சலிக்கவில்லை. அவர்களுடைய அளவுகோல் இன்னும் சமீபத்தது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதப்போகும் பத்து வயதுக் குழந்தையை இந்த ஊரில் எவரும் பார்க்கலாம்; விடியற்காலைக் குளிரில் கம்பளிச் சட்டையுடன் மாதிரி வினாத்தாளை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்து வரும் உருவம் எது, விடுபட்ட எண் எது என்று நுண்ணறிவு வினாக்களுக்கு நேரம் குறித்து விடை எழுதிப் பழகுகிறது. அவையும் புதிர்களே, வேறொரு வாழ்க்கையில் அக்குழந்தை அவற்றைச் சிரித்துக்கொண்டே அவிழ்த்திருக்கும். ஆனால் அதன் கண் எப்போதும் வெட்டுப்புள்ளியிலே பதிந்திருக்கிறது; ஒரு புள்ளி குறைந்தால் போகவேண்டிய பள்ளிக்கூடம் மாறிவிடும் என்பது அதற்குத் தெரியும். தோட்டத்தை விட்டு வெளியேறும் வழிகளில் இதுவும் ஒன்று என்பதால் தாய்தந்தையரைக் குறைசொல்ல எனக்கு நாவெழவில்லை. ஆயினும் புதிரின் இன்பத்தை இத்தனை இளமையில் ஒருவனிடமிருந்து வாங்கிக்கொண்டுவிட்டால், பத்து ஆண்டு கழித்து அவன் ஒரு விளையாட்டுப் புதிரின் எதிரே அமரும்போது, கை தானாகவே கடிகாரத்தைத் தேடும். அத்தியாயத்தை முன்னே ஓட்டி விடையை மட்டும் பார்த்துவிட்டுப் போகிற வழக்கம் சோம்பலினால் வருவது என்று பலர் சொல்கிறார்கள். பயத்தினால் வருவது என்றே நான் எண்ணுகிறேன்.

அப்படியானால் இலேசான புதிர் என்பது வசதியுள்ளவர்களுக்கு மட்டும் உரியதா, சங்க அறையும் ஓய்ந்த மாலைகளும் வாய்த்த ஜப்பானிய மாணவர்களைப் பார்த்து நாம் ஏங்குவதில் பொருள் உண்டா என்ற சந்தேகம் என்னை வெகுநாள் வருத்தியது. வசதி ஏதுமற்ற இடத்திலிருந்துதான் மறுமொழி வந்தது. மலையில் நெரை பிடித்து நிற்கும் பெண்கள், படங்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, தலைக்கயிற்றில் கூடை பின்னிழுக்க, காலில் அட்டை ஏறுவதையும் பொருட்படுத்தாமல் கொழுந்தெடுக்கும்போது ஒருத்திக்கொருத்தி விடுகதை போட்டார்கள். கங்காணியின் அதட்டல் கேட்டதும் நிறுத்தி, அவர் அப்பால் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். அந்தியில் லயத்து இஸ்தோப்பில், சாயத்தண்ணியும் ரொட்டியுமாகப் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு போட்டார்கள். அப்படியொரு மாலையில் ஒரு முதியவள் தானே கட்டிப் போட்டது என் நினைவில் இருக்கிறது: "கேக்காம வருவான், வயிறு நெறைய குடிப்பான், காசு குடுக்காம போவான், யாரு?" அட்டை என்பதே விடை. ஆனால் சின்னப் பிள்ளையொன்று கொஞ்சமும் யோசியாமல் "எங்க மாமா!" என்று கத்தியது. இஸ்தோப்பு முழுதும் குலுங்கச் சிரித்தது. அந்த மாமாவும் சிரித்தார். விடை வேண்டுமென்று பிறகு எவரும் கேட்கவில்லை. தொல்காப்பியர் செய்யுளியலில் பிசி என்று இதனை ஓர் இலக்கிய வகையாகவே சேர்த்து, ஒப்புமையால் அமைவது, ஒன்றைச் சொல்ல மற்றொன்று தோன்றுமாறு அமைவது என இரு திறமாகக் கண்டார். அந்தப் பிள்ளையின் விடை இரண்டிலும் அடங்கும் என்று நான் துணிந்து சொல்வேன். பிழையான விடைக்கு அங்கே தண்டனை இல்லை என்பது மட்டுமல்ல. சரியான விடையைக் காட்டிலும் உயர்ந்த ஆசனமே அதற்குக் கிடைத்தது. மாசி மாதத்துக் காமன் கூத்தில் லாவணி பாடுகிறவர்கள், மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று ஒரு கட்சியுமாக நின்று தர்க்கிப்பதும் இந்த ஜாதியைச் சேர்ந்ததே. எந்த ஆண்டும் தீர்ப்பு வழங்கப்படுவதில்லை. தீர்ந்துவிட்டால் அடுத்த மாசியில் பாட என்ன இருக்கும்?

'ஹியோக்கா'வின் 18ஆம் அத்தியாயத்தைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க இயலாது. வகுப்பறைக்கு மேலே ஹெலிகொப்டர் ஒன்று பறந்து செல்கிறது. நடுநிலைப் பள்ளியில் தனக்கு ஆங்கிலம் கற்பித்த ஓகி என்ற ஆசிரியர் ஒருமுறை பாடத்தை நிறுத்தி ஜன்னலுக்கு ஓடி, தமக்கு ஹெலிகொப்டர் என்றால் பிரியம் என்று சொன்னது ஒரேகிக்கு நினைவு வருகிறது. மற்ற நாட்களில் ஹெலிகொப்டர் பறந்தபோது அவர் திரும்பியும் பார்க்கவில்லையே என்பதும் கூடவே நினைவு வருகிறது. அவசியமில்லாத எதையும் செய்யாத அந்தப் பையன், யாரும் கேளாமலே நூலகத்துக்குப் போய்ப் பழைய பத்திரிகைகளைப் புரட்டுகிறான். இந்த அத்தியாயத்தை எங்கள் அயல்வீட்டுப் பிள்ளைகள் பார்த்தபோது, வேலையை விட்டு ஓய்ந்த அவர்களுடைய அப்பாயியும் உடன் இருந்தார், ஆசிரியர் ஜன்னலில் நின்று அண்ணாந்து பார்க்கும் காட்சி வந்ததுமே, பேரன் சொல்லும் தமிழுக்குக் காத்திராமல், "ஹெலிகொப்டர பாக்கல தம்பி அவரு, மலைய பாக்கிறாரு. மேல அவருக்கு வேண்டியவங்க யாரோ இருக்காங்க" என்றார். விடை அதுவேதான். அந்த ஆசிரியர் மலையேறுகிறவர்; அவருடைய தோழர்கள் உச்சியில் சிக்கியிருந்தார்கள்; மீட்கப் போகிறவர்கள் பறப்பதற்கு மேகம் விலகியிருக்கிறதா என்றே அவர் பார்த்தார்; தோழர்கள் பிழைக்கவில்லை. அப்பாயி எப்படிக் கண்டுபிடித்தார் என்று பிள்ளைகள் ஆச்சரியப்பட்டார்கள். நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டமொன்றில் குமரியாக இருந்தவர் அவர். 1974 டிசெம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுராபாயாவிலிருந்து மக்கா யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு கொழும்பில் இறங்க வந்த மார்ட்டின்எயார் விமானம் சப்த கன்னியர் மலையில் மோதி, அதிலிருந்த 191 பேரும் மாண்டார்கள். மறுநாள் கொழுந்தெடுக்கப் போனவர்கள், கூடையைத் தோளில் போட்டுக்கொண்டு, மூடுபனி எப்போது விலகும் என்று அந்த மலையையே பார்த்து நின்றதை அப்பாயி சொன்னார். யாரென்றே அறியாதவர்களுக்காக நின்றவர்கள். கண்டுபிடித்துவிட்டேன் என்ற பெருமிதம் அவர் குரலில் துளியும் இல்லை.

காரணம் அறியாமல், அந்த ஆசிரியர் ஹெலிகொப்டர்ப் பிரியர் என்று தான் பேசித் திரிந்தால் அது அவர் மனத்தைக் கருதாத பேச்சாகிவிடும் என்பதற்காகவே தேடினேன் என்று ஒரேகி சொல்கிறான். அவரை இனி ஒருபோதும் சந்திக்கப்போவதில்லை என்றும் சொல்கிறான். சிதண்டாவுக்குப் பேச்சு வரவில்லை. எந்தப் பயனும் இல்லாத, தவறினால் எந்தத் தண்டனையும் இல்லாத ஒரு கேள்வியால்தான் மற்றொரு மனிதனின் துயரத்துக்கு இவ்வளவு அருகில் போக முடிந்தது. அதிகாரம் கேட்ட கேள்வி பாட்டன் பிறந்த ஊரை விசாரித்தது; பாட்டன் எப்படி இருந்தான், எதைக் கண்டு அஞ்சினான் என்று ஒருநாளும் அது கேட்டதில்லை. இத்தொடரை இயக்கிய தகெமோத்தோ யசுஹிரோ, 2019 ஜூலை 18ஆம் திகதி கியோட்டோ அனிமேஷன் கலைக்கூடத்துக்கு ஒருவன் வைத்த தீயில் இறந்த 36 பேரில் ஒருவர். அந்தச் செய்தியை நான் சொன்னபோது, "இவ்வளவுதானா?" என்றவர்களில் ஒருவன் தொடரை முதலிலிருந்து மறுபடியும் பார்க்கத் தொடங்கினான் என்று அறிந்து எனக்கு மகிழ்ச்சியை விடச் சங்கடமே மேலிட்டது, இங்கும் ஒரு சாவு வந்துதானே அந்தக் கேள்விகளுக்கு மதிப்பைச் சம்பாதித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. 18ஆம் அத்தியாயத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்பவர்களோடு நான் உடன்படமாட்டேன்.

தோட்டங்களில் வழங்கிய விடுகதைகளைச் சேகரிக்க இப்போது சில ஆசிரியர்களும் மாணவர்களும் முன்வருகிறார்கள். நல்ல காரியம், தாமதமாகவேனும் நடக்கவேண்டியது. அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கேள்வியை ஒரு பக்கத்திலும் விடையை மறுபக்கத்திலும் எழுதி ஏட்டை மூடிவிடாதீர்கள். விடை வருவதற்கு முன்னே அந்த இஸ்தோப்பில் யார் யார் என்னென்ன பிழையாகச் சொன்னார்கள் என்பதை அந்தப் பாட்டிகளிடம் கேட்டு, அதையும் விடாமல் எழுதிவையுங்கள்.